மாட்டிடமிருந்து வந்த காய்ச்சல்

என் பெயர் ஸ்டெல்லா. ஓசூரை அடுத்த தளி பக்கத்தில் ஒரு பால் பண்ணையில் வேலை செய்கிறேன். ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2006 மழைக்காலத்தில், பண்ணை மாடுகள் மாதம் நிறையாமலே ஒன்றன்பின் ஒன்றாகக் கன்று வீசின. செத்த கன்றுகளை வெறுங்கையால் எடுத்துப் போட்டது நான்தான். சில வாரங்களில் எனக்குக் காய்ச்சல் பிடித்தது. சாயங்காலம் ஏறும், விடிந்தால் வேர்த்துக் கொட்டி இறங்கும். இடுப்பும் முழங்காலும் கழன்று விழுவதுபோல் வலி. டைபாய்டு என்றார்கள், மலேரியா என்றார்கள். மாத்திரை போட்டால் நிற்கும், மறுபடியும் வரும். பொங்கல் போய் ஈஸ்டரும் வந்துவிட்டது. பால் கேனைத் தூக்க முடியவில்லை.

"வேலைக்கு ஆகாத உடம்பு உனக்கு. நாளையிலருந்து வராதம்மா" என்றார் பண்ணை மேனேஜர்.

என் கணவர் ஓசூரில் கம்பெனி ஷிப்டு முடித்து வந்து சோறாக்குவார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுவேன்.

ஒரு ஞாயிறு, சர்ச்சில் முழங்கால் போட முடியாமல் உட்கார்ந்தபடியே ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகம் கேட்கக்கூடத் தெம்பில்லை. இது என்ன நோய் என்றாவது யாராவது சொல்லட்டும்." அவ்வளவுதான்.

அந்த வாரமே பண்ணைக்கு ஒரு கால்நடை டாக்டரம்மா வந்தார். மாடுகளின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, செத்த கன்றுகளை யார் எடுத்தது என்று கேட்டிருக்கிறார். என்னோடு வேலை செய்த லட்சுமியக்கா அவரை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டார்.

"இது மாட்டுலருந்து மனுசங்களுக்கு வர்ற நோய்ம்மா. புருசெல்லோசிஸ்னு பேரு. என்ன வேலை செய்யறீங்கன்னு எந்த டாக்டரும் கேக்கலையா?"

"இல்லீங்க மேடம். நானும் சொல்லல."

பெங்களூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அதேதான். வாரக்கணக்கில் மருந்து. காய்ச்சல் விட்டது.

பண்ணை வேலையில் வந்த நோய் என்று மேனேஜர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "வீட்டு ஆட்டுலருந்து வந்திருக்கும்" என்றார். எங்களிடம் ஆடே இல்லை. வைத்தியச் செலவும் வேலையும் கேட்டு நானும் கணவரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். டாக்டரம்மாவும் வந்து சாட்சி சொன்னார். எல்லாவற்றையும் கேட்ட அதிகாரி மேனேஜரைப் பார்த்து, "மெஷின்ல கை போனா வேலையில ஆனதுன்னு ஒத்துக்குவீங்க இல்ல? இதுவும் அப்படித்தான்" என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வைத்தியச் செலவைப் பண்ணை ஏற்றுக்கொண்டது. வேலையும் திரும்பக் கிடைத்தது. பண்ணையில் எல்லோருக்கும் ரத்தம் சோதித்தபோது லட்சுமியக்காவுக்கும் அந்த நோய் இருந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் என்னைப்போல் அவதிப்படாமல் தேறிவிட்டார். இப்போது கையுறை இல்லாமல் யாரும் கன்றைத் தொடுவதில்லை.

நான் எனக்காகத்தான் கேட்டேன். ஆண்டவர் எங்கள் எல்லோரையும் நினைத்தார். மாட்டோடு வேலை செய்கிறவர்களே, காய்ச்சல் விடாமல் வந்தால் உங்கள் வேலை என்ன என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். தெம்பில்லாத நாளிலும் ஆண்டவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரிய ஜெபம் வேண்டாம். அவர் ஆளை அனுப்புவார்.