முதல் சீட்டை மாற்றிக்கொண்ட நாள்

ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை முடிந்த கோடையில் நானும் ஒரு கிரிக்கெட் அணிக்குச் சொந்தக்காரி ஆனேன். மட்டையோ பந்தோ தொட வேண்டியதில்லை. டி.வி.யில் ஆடுகிற வீரர்களை வீட்டுப் பெரியவர்கள் முறை வைத்து ஆளுக்குப் பதினோரு பேராக எடுத்துக்கொள்வார்கள். அந்த வீரர்கள் அடிக்கும் ரன்னும் எடுக்கும் விக்கெட்டும் அவரவருக்குப் புள்ளிகள். யாருக்குப் புள்ளி அதிகமோ அவர் சொல்லும் ஊருக்குத்தான் அந்த வருஷம் எல்லோரும் வேனில் போவோம். மாமாவே தொடர்ந்து ஜெயித்ததால் நாங்கள் குற்றாலம் தவிர வேறெங்கும் போனதில்லை. கோடையில் அருவி காய்ந்து கிடக்கும் என்பது அவருக்கு ஒரு பொருட்டல்ல. அங்கே அவருக்குப் பிடித்த பரோட்டாக் கடை இருந்தது.

பெரியப்பா காரியாபட்டியில் கடை போட்டுப் போய்விட்டதால் அந்த வருஷம் ஓர் இடம் காலி. அப்பா, சித்தப்பா, மாமா மூவரும் ஒப்புக்கு என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். யார் முதலில் எடுப்பது என்று சீட்டுக் குலுக்கியதில் எனக்கு முதல் இடம், மாமாவுக்குக் கடைசி இடம். மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. நான் என் சீட்டை நீட்டினேன்.

"மாமா, மாத்திக்கிடுவமா?"

அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "ஏத்தா, கிறுக்கா பிடிச்சிருக்கு? மொத எடத்தை விட்டுட்டுக் கடைசியில போய் நிக்கிற!"

"பேச்சு மாறக் கூடாது, ஆமா," என்று மாமா சீட்டைப் பிடுங்கிக்கொண்டார்.

சித்தப்பா வேலை பார்த்த அச்சாபீஸில் அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள்களைப் பிள்ளைகள் நாங்கள் இப்படித்தான் முறை வைத்து எடுப்போம். வரிசை கடைசி ஆளை எட்டியதும் அங்கிருந்தே திரும்பும். கடைசி ஆளுக்கு ஒரே நேரத்தில் இரண்டு லேபிள். முதலில் எடுத்தவள், எல்லோரும் இரண்டிரண்டு எடுத்து முடிக்கும்வரை வாயைப் பிளந்துகொண்டு நிற்க வேண்டும். அதை நான் போதுமான அளவு நின்று பார்த்திருந்தேன்.

மாமா பேர்பெற்ற மட்டையாளர் ஒருவரை எடுத்துவிட்டு மீசையைத் தடவினார். அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு மட்டையாளரை எடுத்தார்கள். ஒவ்வோர் அணிக்கும் ஒரு விக்கெட் கீப்பர் கட்டாயம். நன்றாக அடித்தும் ஆடுகிற கீப்பர்கள் அந்த வருஷம் மூன்றே பேர். என் முறை வந்ததும் அதில் இருவரை எடுத்தேன்.

"ரெண்டு கீப்பரை வச்சு என்ன செய்யப்போற?" என்று அப்பா சிரித்தார். சித்தப்பா சிரிக்கவில்லை. மிச்சமிருந்த ஒருவரை அவசரமாக எடுத்துக்கொண்டார். அப்பாவின் சிரிப்பு நின்றது. அவரும் மாமாவும் பதறிப்போய், ஆட வாய்ப்பே கிடைக்காத கீப்பர்களையெல்லாம் அள்ளினார்கள். மறுபடி என் முறை வந்தபோது, நாட்டிலேயே சிறந்த ஆல்ரவுண்டர்கள் இருவர் யாரும் தொடாமல் கிடந்தார்கள்.

அதன் பிறகு அப்பா பட்டாசுக் கம்பெனியிலிருந்து வந்ததும், கையில் ஒட்டிய வெள்ளிமருந்தைக் கழுவுவதற்கு முன்பே கேட்பார்: "ஏத்தா, இன்னைக்கு எம்புட்டு?"

இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரில் என் கீப்பர் ஒரு சிக்சர் அடித்தார். நான் மாமாவைத் தாண்டினேன். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அப்பா ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார். வெடித்து முடியும்வரை காத்திருந்து மாமா கேட்டார்: "சரி, எந்த ஊரு?"

"கடலு," என்றேன்.

தூத்துக்குடி, அப்பாவும் மாமாவும் லோடு ஏற்றிக்கொண்டு அடிக்கடி போய்வந்த ஊர்தான். நாங்கள் எல்லோரும் குளித்துக் கரையேறிய பிறகும் அம்மா மட்டும் முழங்கால் தண்ணீரில், சேலை நனைவதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா, சாப்பிட வாங்க," என்று சித்தி கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இம்புட்டுப் பெருசா இருக்கும்னு நான் நெனைக்கவே இல்லத்தா," என்றாள்.

என் வெற்றியைத்தான் சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். "அடுத்த வருசமும் கடைசி எடத்தையே வாங்கிருவேம்மா," என்றேன் பெருமையாக.