காரைக் கல்லும் கிட்வாய் நகர் மாவுக்கட்டும்

1979 ஜனவரி. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் புது தில்லியில் நின்றபோது காலை ஏழேகால். சென்னையிலிருந்து ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு கிலோமீட்டர். பனிமூட்டத்தில் எதிர் பிளாட்பாரம்கூடத் தெரியவில்லை. அரியலூர்ப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் கனிமப் பரிசோதனைக்கூட உதவியாளன். காரை ஊர்ப் பள்ளங்களில் எடுத்த ஜிப்சம் கட்டிகளை இங்குள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் ஒப்படைக்க வந்திருந்தேன்.

அதற்கு முன் தங்கை செல்வியைப் பார்க்கக் கிட்வாய் நகருக்கு பஸ் ஏறினேன். டிக்கெட் நாற்பது பைசா. அவள் கணவர் மாணிக்கம் கட்டடத் தொழிலாளி. அரசுக் குடியிருப்புகளுக்குப் பின்னால் தகரக் கூரை வீடு.

எட்டே முக்கால். செல்வி வாசலிலேயே சொன்னாள்: "நேத்து மத்தியானம் இவரு சாரத்துலேந்து விழுந்துட்டாருண்ணே. முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில மாவுக்கட்டு போட்டு அனுப்பிட்டாங்க."

மாணிக்கம் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். "ராத்திரி பூரா கத்துனேன் மச்சான். விடியக்காலையிலேந்து வலியே இல்ல."

செல்வி நிம்மதியாக டீ போட்டாள். எனக்கு நிம்மதி வரவில்லை.

அந்த மாவு எனக்குத் தெரிந்த பொருள். காரையில் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடல் இருந்தது. கடல் சேற்றிலிருந்த கந்தகமும் சிப்பிகளின் சுண்ணாம்பும் சேர்ந்து, தண்ணீரையும் தமக்குள் வாங்கிக்கொண்டு, களிமண் வெடிப்புகளில் பட்டு நார்போல் வளர்ந்த கல்தான் ஜிப்சம். நகத்தால் கீறலாம், அவ்வளவு மெது. வறுத்தால் உள்ளிருக்கும் தண்ணீரில் முக்கால் பங்கு ஆவியாகி மாவாகிவிடும். மாவில் தண்ணீர் விட்டால் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, சூடு கிளப்பி, மறுபடி கல்லாகும். கல்லான பிறகு விட்டுக்கொடுக்காது. உள்ளே கால் வீங்கினால் வீக்கத்துக்குப் போக இடமில்லை.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

"குளிருண்ணே. தில்லியில எல்லாருக்கும் இப்படித்தான்" என்றாள் செல்வி.

மற்றக் காலைத் தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது. கட்டுப்போட்ட காலின் பெருவிரல் நகத்தை அழுத்தி விட்டேன். வெளுத்தது, நிறம் திரும்பவில்லை.

"விரலை அசைங்க மாப்ள."

"அசைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார்.

ஒரு விரலும் அசையவில்லை. செல்வி அதைப் பார்த்துவிட்டாள். டீயை அப்படியே வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.

ஆட்டோவில் அவர் காலை என் மடியில் வைத்துக்கொண்டேன். "பையா, ஜல்தி! ஜல்தி!" என்று, சீக்கிரம் போகச் சொல்லி டிரைவரிடம் செல்வி வழி நெடுக மன்றாடினாள்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. இளம் டாக்டர் விரல்களைத் தொட்டுப் பார்த்ததுமே ரம்பம் கேட்டார். கட்டை இரு பக்கமும் நீளவாக்கில் அறுத்தார்கள். உள்ளே சுற்றியிருந்த பஞ்சையும் தோல் தெரியும்வரை வெட்டினார்கள். வீங்கிய கால் மினுமினுத்தது. செல்வி என் கையை விடவே இல்லை. பத்து நிமிடம் கழித்து மாணிக்கம் வீறிட்டு அலறினார்.

வலி திரும்பியதைக் கண்டு டாக்டர் முகம் தெளிந்தது. "அச்சா. ரோனே தோ."

"அழட்டும்கிறாருண்ணே" என்று சொல்லிவிட்டு அவளும் அழுதாள்.

பாதம் தப்பியது. சுண்டுவிரலும் அதற்கடுத்ததும் கறுத்துவிட்டன. நான்காம் நாள் அவற்றை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். அதிகாரி என் கட்டி ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தார். தில்லிக்கு ஜிப்சம் பெரும்பாலும் ராஜஸ்தான் பாலைவனத்திலிருந்து வருகிறது, அங்கே மணலை ஒதுக்கினாலே கிடைக்கிறது என்றார். "உங்கள் கல் ரொம்ப அழகு" என்றும் சொன்னார். அழகு என்ற சொல் அன்று எனக்கு ஒட்டவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏழாம் நாள் மாலை செல்வி ஸ்டேஷனுக்கு வந்தாள். "கால் ஆறினதும் ரெண்டு பேரும் ஊருக்கு வந்துடுங்க" என்றேன்.

"வந்து?" என்று கேட்டாள். "அங்க கல்லெடுக்கக் குழி வெட்டத்தான் போகணும். இவரால இனிமே முடியுமா? இங்க குவார்ட்டர்ஸ்ல ரெண்டு வீட்டுல பாத்திரம் கழுவக் கூப்பிட்டிருக்காங்க. நாளையிலேந்து போறேன்."

எங்கள் ஊரில் வெயில் உண்டு, உறவு உண்டு. இரண்டு விரல் இழந்தவனுக்கு உட்கார்ந்து செய்ய ஒரு வேலை கிடையாது.

விசில் ஊதியது. ரயில் நகரும்வரை அவள் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் ஆறு மணியோடு முடிந்துவிடும். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூட்டத்தை விலக்கியபடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.