கோழிக்கடையில் ஒரு பஸ் கண்ணாடி

சிவப்பு எழுத்தில் ‘மகளிர்’ என்று எழுதிய பழைய பஸ் ஜன்னல் கண்ணாடி ஒன்று அதியமான்கோட்டையில் ஒரு கோழிக்கடைச் சுவரில் பதிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதன் முன்னால் ஆண்கள்தான் அதிகம் நிற்பார்கள், மூக்கு கண்ணாடியில் படுகிற அளவுக்கு நெருங்கி. புதிதாக வருகிறவர்கள் அந்த எழுத்தைப் படித்துவிட்டு ஒரு நொடி ஒதுங்குவார்கள், பிறகு அசட்டுச் சிரிப்போடு தாங்களும் நெருங்குவார்கள். அந்தக் கண்ணாடி அங்கே வர நான்தான் காரணம் என்று பெருமையடித்துக்கொள்ள ஆசைதான். உண்மையில், நான் செய்த ஒரு தப்பைக் கடைக்கார அக்கா சரிசெய்த விதம் அது.

அப்போது நான் அந்தப் பகுதிக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர். சின்னச் சின்னக் கோழிக்கடைகளையெல்லாம் பார்வையிட்டுப் பதிவுச் சான்று கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அக்காவுக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். ஊரே அக்கா என்றதால் நானும் அக்கா என்றேன். கணவர் போன பிறகு அவரே கத்தியை எடுத்து, அந்தக் கடையை நம்பித்தான் இரண்டு பெண்களைக் கல்லூரியில் படிக்க வைத்துக்கொண்டிருந்தார்.

முதல் முறை போனபோது கூண்டு, தராசு, வெட்டுக்கட்டை, வாடிக்கையாளர் எல்லாம் ஒரே எட்டடிக்குள் இருந்தன. வாங்க வந்தவர் வேட்டியில் ரத்தம் தெறித்திருந்தது. அறுக்கிற இடமும் விற்கிற இடமும் தனித்தனியாக இருக்க வேண்டும், நடுவில் கூரை வரைக்கும் சுவர் எழுப்பி டைல்ஸ் ஒட்டுங்கள், இல்லையென்றால் சான்று கிடையாது, கடையையும் நடத்த முடியாது என்றேன். “வெக்கறேன்ங்க சார். ஆனா ஜனங்க கண்ணால பாக்கணும்ங்கறாங்களே...” என்று இழுத்தார். நான் முடிக்க விடவில்லை. “சான்றை ஃப்ரேம் போட்டு மாட்டுங்க, தன்னால நம்புவாங்க” என்றேன். எத்தனை தன்னம்பிக்கை எனக்கு!

அந்தப் பக்கத்தில் கோழி வாங்குவது எப்படியென்று தெரிந்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டேன். கூண்டுக்குள் கை நீட்டி ‘அதோ அது’ என்று காட்டியதிலிருந்து, பைக்குள் வந்து விழும்வரை அந்தக் கோழி மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டார்கள். பண்ணையிலிருந்து வண்டியில் வரும்போதே செத்துப்போன கோழியை மாற்றிக் கொடுத்துவிடுவார்களோ என்ற பயம். கடைக்காரர்களும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளை டைல்ஸ் பளபளத்தது. நான் கொடுத்த சான்று ஃப்ரேமுக்குள் தொங்கியது. ஈ இல்லை, ஆளும் இல்லை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்தினர் கூட்டமாக அந்தக் கடையைத் தாண்டி, நான் இன்னும் ஆய்வுக்குப் போயிராத ஒரு கடைக்குப் போனார்கள். அங்கே சுவரும் இல்லை, சுத்தமும் இல்லை.

“நீங்க சொன்ன மாதிரியே செவுரு வெச்சேன்ங்க சார். இப்ப கடையில நானும் செவுரும் மட்டுந்தான் இருக்கறோம்” என்றார் அக்கா. “எந்தக் கோழி உள்ள போச்சு, எது வெளிய வந்துச்சுன்னு கேக்கறாங்க. என்னான்னு சொல்றது? இப்பிடியே போனா பெரியவ படிப்ப நிறுத்தறாப்பல ஆயிரும்.”

என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் திட்டவில்லை. “செவுத்துல ஒரு கண்ணாடி வெச்சா ஒத்துக்குவீங்களா?” என்று மட்டும் கேட்டார். பழக்க தோஷத்தில், “அதெல்லாம் முடியாதும்மா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மனசு கேட்கவில்லை. மறுநாள் அலுவலகத்தில் விதிகளை எடுத்து நிதானமாகப் படித்தேன். இடம் பிரிந்திருக்க வேண்டும், கழுவ எளிதாக இருக்க வேண்டும், ஈ நுழையக் கூடாது. கண்ணாடி கூடாது என்று ஒரு வரிகூட இல்லை. கழுவுவதற்கு டைல்ஸைவிடக் கண்ணாடிதான் சுலபம். வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்த அவர் தம்பி, அந்த வாரமே ‘மகளிர்’ கண்ணாடியைக் கொண்டுவந்து பதித்துவிட்டார்.

கூட்டம் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தது. அக்கா கோழியைக் கண்ணாடிக்கு அருகே தூக்கிக் காட்டுவார், வாங்குகிறவர் தலையாட்டுவார், அதற்குப் பிறகுதான் கத்தி. பெரியவள் படிப்பு நிற்கவில்லை. மற்ற கடைகளுக்கும் நான் அதையே சொன்னேன். இது யார் யோசனை என்று மேலதிகாரி கேட்டபோது, என்னுடையது என்றேன். அந்தக் குறுகுறுப்பு இன்னும் போகவில்லை.

இப்போது வேறு மாவட்டத்தில் இருக்கிறேன். போன மாதம் தர்மபுரியில் மச்சான் வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா கடை முன்னால் வண்டியை நிறுத்தினேன். பழைய நினைப்பில் நேராக உள்கதவைத் தள்ளப் போனேன்.

“சார், செருப்போட உள்ள வராதீங்க! நீங்க போட்ட சட்டந்தான்ங்க” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அக்கா சிரித்தார். முன்னைவிடச் சற்றுப் பருத்திருந்தார். பெரியவள் ஓசூரில் வேலைக்குப் போகிறாளாம். எனக்கு நிறைவாக இருந்தது.

புதுப்பித்த சான்று சுவரில் நேராகத் தொங்கியது. அதில் தேதியைக்கூட நான் சரிபார்க்கவில்லை என்பது வண்டிக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. கடையில் இருந்தவரை, கூண்டில் ஒரு கோழியைக் காட்டிவிட்டு, எல்லாரையும் போல நானும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தேன். தினமும் கழுவிக் கழுவி ‘மகளிர்’ வெளுத்துப்போயிருந்தது. அக்கா கோழியைத் தூக்கிக் காட்டி, என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தார்.

நான் தலையாட்டினேன்.