கண்ணில் ஒற்றிய சக்கரவர்த்தி

மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் பேருந்துக்காக நிற்கிறேன். பனிக்காற்றில் காது வலிக்கிறது. எதிரே தேவாலய மண்டபத்தின் கதவு திறந்திருக்க, வெப்பம் தேடி உள்ளே நுழைகிறேன். அங்கே பழங்காசுச் சந்தை நடக்கிறது. ஒரு மேசையில் கடை விரித்திருக்கும் ரெஜினா என்ற பெண் இலங்கை மன்னார்க்காரர். தமிழ் முகத்தைக் கண்டதும் தன் நாற்காலியை ஹீட்டர் பக்கம் தள்ளிப்போடுகிறார்.

“இருங்கோ அண்ணை. முதல்ல குளிர் காயுங்கோ.”

பிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட தேநீர் ஊற்றித் தருகிறார். இந்தப் பயணத்தில் தின்ற எந்த விருந்தும் இதற்கு ஈடாகாது. வெளியே என் பேருந்து வந்து போகிறது. போகட்டும்.

விரல்களுக்கு உயிர் வந்ததும் ஒரு வெள்ளிக்காசை என்னிடம் நீட்டுகிறார். ஒரு பக்கம் கதிர்முடி சூடிய தலை, மறுபக்கம் தீ எரியும் பலிபீடம்.

“இவர் ரோமச் சக்கரவர்த்தி. செத்தாப்பிறகு கடவுளாக்கிப்போட்டினம். கனகாலம் கழிச்சு வந்த இன்னொரு ராசா, இப்பிடிக் கடவுளான ஆக்களுக்கெல்லாம் காசு அடிச்சவர். விளிம்பில பிடியுங்கோ, முகத்தில ஒண்டும் படக்கூடாது.”

தலையாட்டுகிறேன். ஆனால் கடவுள் என்று கேட்டதும் கை தன் வேலையைச் செய்துவிடுகிறது. காசை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்கிறேன். குளிருக்குக் கசிந்த கண்ணீர் சக்கரவர்த்தியின் கன்னத்தில் மினுங்குகிறது.

“மன்னிச்சுக்கங்கம்மா. பழக்க தோஷம்.”

ரெஜினா காசை வாங்கி மெல்லிய துணியில் ஒற்றுகிறார். சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போகிறது.

“பரவாயில்லை அண்ணை. ஆயிரத்தெழுநூறு வருசமா இந்த மனுசனை ஒருத்தரும் கும்பிட்டிருக்க மாட்டினம்.”