ஓடையில் இறங்காத பூட்ஸ்

அத்தாயியின் பாதம் அகலம். வாசலூர்பட்டி படகுத் துறைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் நிற்கச் சொல்லி, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டபோதுதான் அது அவளுக்கே தெரிந்தது. பெருவிரல் கிழக்கே பார்த்தது, சுண்டுவிரல் மேற்கே பார்த்தது. கோடு தாளின் ஓரம் வரைக்கும் போய்விட்டது.

“உங்க காலுக்கு இப்ப எங்ககிட்ட சைஸ் இல்லைங்கக்கா” என்றாள் கவிதா.

கவிதா கோயமுத்தூரில் பூட்ஸ் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியிலிருந்து வந்தவள். மலையேறும் பெண்களுக்கென்று புதிதாக ஒரு பூட்ஸ் செய்திருந்தார்கள். கணுக்காலை மூடும் உயரம். பட்டாளத்துக்காரன் பூட்ஸ் மாதிரி கனமில்லை, ஓட்டப்பந்தயச் செருப்பு மாதிரி லேசுமில்லை. கரடுமுரடான பாதையில் முதுகுச் சுமையோடு நாள் முழுக்க நடக்கலாம், தண்ணீர் உள்ளே புகாது என்றாள். அதை மூன்று மாதம் மலையில் போட்டு நடந்து பார்த்து, நல்லதும் கெட்டதும் சொல்ல ஒரு பெண் வேண்டும். சோதனை சரியாக வந்தால் அந்தப் பெண்ணையே ஒரு வருடத்துக்குச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள். இனி வரும் ஒவ்வொரு புது பூட்ஸும் முதலில் அவள் காலில்தான் ஏறும்.

இதைக் கேட்டதுமே அத்தாயி மனசுக்குள் வேலையில் சேர்ந்துவிட்டாள். வேறு யார் சேர முடியும்? மலையேற வரும் கூட்டத்துக்குச் சுமை தூக்கி வழிகாட்டுவதில் பதினெட்டு வருடம் ஆயிற்று. மலைமேலிருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து எந்தச் சரிவில் இறங்கினால் எந்தப் பாறையில் கால் வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவள் புருஷன் சென்றாயன்கூட, “எம்பொண்டாட்டி கால் வச்சுப் பாத்த எடத்துலதாங்க நானு கால் வைப்பேன்” என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையடிப்பான்.

கவிதா கொண்டுவந்திருந்த ஒரே ஜோடி, வளர்மதியின் காலுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

வளர்மதி யாரோ எவளோ என்றால்கூட ஆறியிருக்கும். கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே களத்தைச் சுற்றி இரண்டு ஊடு, இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் அவள். சுமை தூக்க வந்து நாலு வருடம்கூட ஆகவில்லை. பூட்ஸின் கயிற்றை இறுக்கிக்கொண்டு அவள் எழுந்து நின்று, “ஏக்கா, எப்படி இருக்குது?” என்று கேட்டாள். “உனக்கென்ன கண்ணு, கொடுத்து வச்சவ” என்றாள் அத்தாயி. வாய் சிரித்தது. வயிறு எரிந்தது.

அடுத்த வீட்டுக்காரி பிள்ளை பெற்றாள் என்று அம்மிக்குழவியை எடுத்து வயிற்றில் குத்திக்கொண்டாளாம் ஒருத்தி. அத்தாயி குத்திக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். காலையில் களத்தில் நின்று வளர்மதி பூட்ஸ் மாட்டும்போது இவள் அடுப்பில் ஊதாங்குழலை வேண்டுமென்றே வேகமாக ஊதினாள். சாம்பல் பறந்து இவள் கண்ணிலேயே விழுந்தது. பாதையில் வளர்மதி முன்னால் நடந்தால் அந்த அடிப்பாகத்தின் பள்ளம் பள்ளமான தடம் ஈரமண்ணில் அழகாகப் பதியும். அதன் மேலேயே தன் ரப்பர் செருப்பை வைத்து அழித்துக்கொண்டு போவாள். நாற்பத்திரண்டு வயதுப் பொம்பிளை செய்கிற காரியமா இது? அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கவிதாவின் போன் வரும். வளர்மதி களத்து நடுவில் நின்று, ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வாள்.

“குதிகால் கடிக்கலீங்க. எறக்கத்துல வெரலு முன்னாடி போயி இடிக்கலீங்க. பாறையில நல்லாப் புடிக்குதுங்க. சுமையோட வந்தாலும் கணுக்கால் பெரளலீங்க. தண்ணியா? ஒரு சொட்டு உள்ள போகலீங்க!”

ஒரு குறையும் சொல்லமாட்டாளா என்று அத்தாயி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சொல்லவே மாட்டாள். புதுசாகக் கல்யாணமானவள் புருஷனைப் பற்றிச் சொல்வதுபோல்தான் சொல்வாள்.

பொறாமைக்கு ஒரு நல்ல குணம் உண்டு, அதற்குக் கண் கூர்மை. இரண்டாவது மாதம் ஒரு மழை நாளில் அத்தாயி ஒன்றைக் கவனித்தாள். ஓடை குறுக்கிட்டதும் வளர்மதி கரையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிந்து கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டாள். வெறுங்காலோடு தண்ணீரைக் கடந்து, அக்கரையில் முந்தானையால் பாதத்தைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். அடுத்த ஓடையிலும் அப்படியே. அதற்கடுத்த ஓடையிலும் அப்படியே.

இதில் தப்பு இருப்பதாக முதலில் அத்தாயிக்கே தோன்றவில்லை. மலையில் யார்தான் காலில் போட்டதோடு ஓடையில் இறங்குவார்கள்? ரப்பர் செருப்பையே கையில் தூக்கிக்கொள்வார்கள். இவளும் அந்த நேரத்தில் தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். அக்கரை ஏறிய பிறகுதான் உறைத்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லையாம்! கழுத்தில் தொங்குகிற பூட்ஸுக்குள் எந்தச் சொட்டு போகும்?

மனசுக்குள் உடுக்கை அடித்தது. ஆனால் சொல்லவில்லை. சொன்னால் பொறாமைக்காரி என்பார்கள். தவிர, பூட்ஸ் உண்மையிலேயே தண்ணீர் புகாததாக இருந்துவிட்டால்? வளர்மதி ஒரு தடவை ஓடையில் இறங்கிக் காட்டிவிட்டால் முடிந்தது கதை.

வியாழக்கிழமை வளர்மதி செம்மேட்டுக்குப் பஸ் ஏறினாள். கூட்டத்தில் யாராவது மிதித்துவிடுவார்கள் என்று பூட்ஸை மஞ்சள் பையில் சுற்றி ஊட்டில் வைத்துவிட்டுப் போனாள். பஸ் வளைவில் மறைந்ததும் அத்தாயி அந்தப் பையை எடுத்துக்கொண்டு, மிளகுக் கொடிகளுக்கு நடுவே புகுந்து, பின்னாலிருந்த ஓடைக்கு இறங்கினாள். கால் நுழையவே மறுத்தது. விரல்களை மடக்கி, பல்லைக் கடித்து, கன்றுக்குட்டியைக் கொட்டத்துக்குள் தள்ளுவதுபோல் தள்ளி நுழைத்தாள். பிறகு கணுக்கால் மட்டத் தண்ணீரில் போய் நின்றாள்.

நனைந்து நாறட்டும் என்றுதான் இறங்கினாள். அதை மறைப்பானேன்.

நனையவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே காய்ந்த களம்போல் இருந்தது. அவளுக்கு அழுகையே வந்தது. “நனையுடி, நனையேன்!” என்று பூட்ஸைத் திட்டிக்கொண்டே கூழாங்கல் மேல் ஏறி இறங்கினாள். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். பாறையில் முனையை ஊன்றி உந்தினாள். விரல் வலி உயிர் போனது. சூரியன் பலாமரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது. அப்போது இடது சுண்டுவிரல் ஓரம் சில்லென்றது. கொஞ்சத்தில் வலது சுண்டுவிரலும். முன்பக்கம் மடங்குகிற இடத்தில், வெளிப்புறத் தையல் வழியாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கோடை வெயிலில் மோர் குடித்ததுபோல் இருந்தது அவளுக்கு.

வளர்மதி திரும்புவதற்குள் பூட்ஸைப் பாறையில் காயவைத்து, துடைத்து, பையில் சுற்றிப் பழைய இடத்தில் வைத்துவிட்டாள். அதன் பிறகுதான் சிக்கல் புரிந்தது. பூட்ஸின் குற்றம் தெரிந்த ஒரே ஆள் அவள். அதைச் சொன்னால்தான் வளர்மதியின் வேலை போகும். சொல்லவேண்டுமென்றால் திருட்டுத்தனமாக எடுத்துப் போட்டதையும் சொல்லவேண்டும். சரி, வாயை மூடிக்கொள்வோம் என்று முடிவு செய்தாள். பூட்ஸ் கடைக்குப் போகட்டும், வாங்கினவளுக்கெல்லாம் கால் நனையட்டும், அன்றைக்கு வளர்மதியின் சாயம் வெளுக்கட்டும்.

மூன்று மாதம் முடிந்து கவிதா வந்தாள். கையில் அச்சடித்த தாள், காரில் அதே அளவில் பிரிக்காத ஒரு புது ஜோடி. களத்தில் பாய் விரித்து உட்கார்ந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டு எழுதினாள். எல்லாவற்றுக்கும் வளர்மதி நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்றாள். தண்ணீர் என்ற கேள்விக்கு, “ஒரு சொட்டு இல்லீங்க” என்றாள் வழக்கம்போல். அத்தாயி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கவும் மாட்டாள்.

“ரொம்ப சந்தோஷங்கக்கா” என்று எழுந்தாள் கவிதா. “இப்படி வெயில்ல வந்து நில்லுங்க. பூட்ஸ் பெட்டி மேல உங்க போட்டோதான் போடப்போறோம்.”

போட்டோ! பெட்டி மேல்! ஊர் ஊராக!

“சுண்டுவெரல் பக்கம் தையல்ல தண்ணி வருதுங்க!” அத்தாயி கத்தியே விட்டாள். “ரெண்டு கால்லயும். எடதுல மொதல்ல வருது.”

வளர்மதி தன் பூட்ஸைப் பார்த்தாள், பிறகு அத்தாயியின் அகலப் பாதத்தைப் பார்த்தாள்.

“நீ எப்பக்கா போட்ட?”

“நீ செம்மேட்டுக்குப் போன அன்னிக்கு.”

“என்னைக் கேக்காமயா? உன்ற காலை உட்டுத் தையலைக் கிழிச்சிட்டயா?”

“நீ ஓடையில எறங்கினாத்தானடி கிழிஞ்சதும் கிழியாததும் தெரியும்? கழுத்துல மாட்டிக்கிட்டுப் போறவதான நீயி!”

கவிதா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். “கழுத்துலயா?”

“பின்ன, புது பூட்ஸைத் தண்ணியில போட்டு ஊறவைப்பாங்களாங்க?” என்றாள் வளர்மதி, உண்மையான ஆச்சரியத்தோடு.

கவிதா காரிலிருந்த புது ஜோடியை எடுத்துவந்தாள். மூன்று பேரும் ஓடைக்கு இறங்கினார்கள். வளர்மதி புது ஜோடியை மாட்டிக்கொண்டு, சாமி கும்பிட்டுவிட்டு, கண்ணீரோடு தண்ணீரில் கால் வைத்தாள். அத்தாயி கரையில் நின்று, கல் மேல் ஏறு, குதிகாலைத் தூக்கு, முனையை ஊன்று என்று சொல்லச் சொல்ல நடந்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். வளர்மதியின் முகம் சுருங்கியது.

“வருதுங்க” என்றாள் மெல்ல. “எடது சுண்டுவெரலு.”

கவிதா அந்தத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு அத்தாயியிடம் கேட்டாள். “அன்னைக்கு எவ்வளவு நேரம் தண்ணியில நின்னீங்கக்கா?”

இனி எதை மறைத்து என்ன? “நனையற வரைக்கும் நின்னேனுங்க. நனையோணும்னுதான் நின்னேன். இவ கால்ல அது இருக்கறத என்னால பாக்க முடியல.”

திட்டப்போகிறாள் என்று அத்தாயி தலையைக் குனிந்துகொண்டாள். கவிதா திட்டவில்லை. எழுதியிருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் போட்டாள்.

“எங்களுக்கு அப்படி நிக்கற ஆள்தான் வேணும்” என்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து அத்தாயிக்கு ஒரு பெட்டி வந்தது. அந்தப் பென்சில் கோட்டை வைத்து, அவள் பாதத்தின் அகலத்துக்கென்றே செய்த ஜோடி. வெளிப்புறத் தையல் இல்லாமல் ஒரே தோலாக மாற்றியிருந்தார்கள். வேலை அவளுக்கு. வளர்மதி இருபது நாள் பேசவில்லை. இருபத்தோராம் நாள் சுமை தூக்க ஆள் பற்றாமல் இருவரும் ஒன்றாகப் போக வேண்டியதாயிற்று.

பிறந்ததிலிருந்து அத்தாயியின் பத்து விரலும் ஒரே நேரத்தில் சௌகரியமாக இருந்ததில்லை. இந்த பூட்ஸுக்குள் இருந்தன. பூவுக்குள் கால் வைத்ததுபோல் நடந்தாள். தோல் மேல் ஒட்டிய சேற்றை அங்கங்கே நின்று இலையால் துடைத்துக்கொண்டாள். முதல் ஓடை வந்தது. கரையில் உட்கார்ந்தாள், குனிந்தாள், கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.

“ஏக்கா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திரும்பினாள். வளர்மதி ரப்பர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல் அந்த பூட்ஸையே பார்த்தபடி நின்றாள். அந்தப் பார்வையை அத்தாயிக்கு நன்றாகத் தெரியும்.

“எறங்குக்கா” என்றாள் வளர்மதி. “நனையற வரைக்கும் நானு இங்கியேதான் நிப்பேன்.”