சாகாமல் விழ வேண்டிய மான்

எங்கள் வீட்டில் அச்சடித்த எது வந்தாலும் என் கைக்குத்தான் வரும். மருந்துப் புட்டியில் ஒட்டிய சீட்டு, கப்பல் கம்பெனி நோட்டீசு, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த கோர்ட்டுக் காகிதம், எதுவானாலும் சரி. அத்தாவுக்குக் கைநாட்டு. அவருடைய அத்தாவுக்கு, என் பாட்டனாருக்கு, அதுவும் தேவைப்பட்டதில்லை. இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துப் படியேறிய முதல் ஆள் நான் என்பதால், எழுத்து ஒட்டியிருக்கும் எந்தப் பொருளைப் பற்றியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று வீடு நம்பியது. நானும் நம்பினேன். அப்படித்தான் துப்பாக்கி தேர்ந்தெடுக்கும் வேலையும் என் தலையில் வந்து விழுந்தது.

அக்காவுக்கு அப்போது ஏழாம் மாதம். ஒரு மத்தியானம் சோற்றில் ஊற்றிய மீன் ஆணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, மான்கறி வேண்டும் என்றாள். ஏன் மான் என்று அவளுக்கே தெரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சி கேட்டது கிடைக்காமல் போனால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். படித்தவன் என்ற முறையில் நான் அதை நம்பவில்லை என்று சொல்லிக்கொண்டேன். அவளுடைய கணவர், என் மச்சான், முழுதாக நம்பினார். அது அவர்களுக்கு முதல் பிள்ளை. பாசாரில் மலாய்க்காரர்கள் எப்போதாவது கொண்டுவரும் மான்கறியும் அந்த மாதங்களில் வரவில்லை.

மச்சான் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களை மேய்க்கும் தண்டல். கையும் காலும் ஓய்ந்திருக்கத் தெரியாதவர். அரிசி மில் முதலாளியான சீனத் தவுக்கே ஒருவரோடு எங்கள் தீவிலிருந்து எதிர்க்கரைப் பிறைக்குப் படகேறி, அங்கிருந்து ரயிலில் கொஞ்ச தூரம் போய், ரப்பர்த் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், தவுக்கேயின் பன்னிரண்டாம் நம்பர் இரட்டைக்குழல் துப்பாக்கியால் இரண்டு முறை சுட்டார். இரண்டு முறையும் கிஜாங் விழுந்தது. நாய் மாதிரி குரைக்குமே, அந்தச் சின்னச் செம்மான். இரண்டு முறையும் மச்சான் கத்தியோடு முட்செடிகளுக்குள் புகுந்து போய்ச் சேர்வதற்குள் அது செத்துக் கிடந்தது. உயிர் இருக்கும்போது இறைவன் பேரில் பிஸ்மி சொல்லிக் கழுத்தை அறுத்தால்தான் எங்களுக்கு அது கறி. குண்டில் செத்தது ஆகாது. இரண்டு மானையும் தோட்டத்துக் கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். அவர்களுக்குப் பெருநாள்.

"ராவுத்தரே, அடுத்தவாட்டி வர்றதுக்கு முந்தின நாளே சொல்லி அனுப்புங்க. மசாலா அரைச்சு வச்சிருவோம்" என்றாராம் லயத்துப் பெரியவர்.

மச்சான் இதை என்னிடம் சொன்னபோது சிரிக்கவில்லை. "மாப்ளே, நமக்குன்னு சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம். விழணும், ஆனா சாகக் கூடாது. அந்த மாதிரி ஒண்ணு பார்த்துக் குடு. நீதான் படிச்ச புள்ளையாச்சே."

லைசென்சுக்கான பாரத்தை நான் நிரப்பினேன். அதற்குள் எனக்கு ஒரு துப்பாக்கிக் கேட்லாக் கிடைத்துவிட்டது. கடலோரத்தில் ஒரு கப்பல் ஆபீசில் சரக்குச் சீட்டுகளுக்கு நகல் எடுப்பது என் வேலை. பிற்பகலில் அலையின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கூரைப் பலகையில் ஆடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் துரை மாடியில் தூங்குவார். நான் கேட்லாக்கை விரிப்பேன். எண்ணெய் பூசிய வாதுமை மரக் கட்டைகள், நீலம் பாய்ந்த குழல்கள், இறகு செதுக்கிய இரும்புத் தகடுகள். பன்னிரண்டு, பதினாறு, இருபது, இருபத்தெட்டு என்று நம்பர் ஏற ஏறக் குழல் சிறுத்துக்கொண்டே போகும். ஒரு ராத்தல் ஈயத்தை அத்தனை குண்டுகளாகப் பிரித்தால் ஒரு குண்டு எவ்வளவு பருமனோ அதுதான் குழலின் அளவு என்று அடிக்குறிப்பில் போட்டிருந்தது. எனக்கு அது அழகாக இருந்தது. உலகத்தில் எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் அடிக்குறிப்பு இருக்கும் போலத் தோன்றியது.

படித்துக்கொண்டிருக்கும்போதே கண் செருகும். சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கிஜாங் நடந்து வரும். கூரையில் ஆடும் வெளிச்சம் அதன் முதுகிலும் ஆடும். சத்தமே இல்லாமல் ஒரு சின்னத் துப்பாக்கி வெடிக்கும். மான் முன்னங்காலை மடித்து, ஒட்டகம் உட்காருவது போல மெல்ல உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி எனக்காகக் காத்திருக்கும். அந்தக் கனவில் ஒருநாளும் ரத்தம் வந்ததில்லை.

கத்தியோடு ஓட வேண்டியவன் நான்தான் என்று முடிவாகியிருந்தது. அதனால் ஒரு சாயங்காலம் கோட்டைத் திடலில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சை எண்ணியபடி அறுபது கெஜம் ஓடிப் பார்த்தேன். திரும்பி ஓடினேன். மறுபடியும் ஓடினேன்.

"தம்பி, பின்னாடி யாரையும் காணோமே. யாருக்காக ஓடுறே?" என்றார் கடலை விற்கிறவர்.

லைசென்சு கைக்கு வந்த வாரம், சனிக்கிழமை துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அங்கே கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த கிறிஸ்தவ வேதக்காரப் பையன். வெள்ளைக் கோட்டும் காதில் பேனாவுமாக இருந்தான்.

"என்ன மிருகத்துக்கு?"

"கிஜாங்."

"பன்னிரண்டு எடுத்துக்கோ. பெரிய ரவைத் தோட்டா போடு. ஒரே அடி, தீர்ந்துச்சு."

"தீரக் கூடாது."

அவன் பேனாவைக் காதிலிருந்து எடுத்தான். நான் எங்கள் வழக்கத்தையும் அக்காவின் ஏழாம் மாதத்தையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான்.

"மூணு வருஷமா இங்க நிக்கிறேன். கொல்லாத துப்பாக்கி கேட்டு வந்த மொத ஆளு நீதான்லா."

"கொல்லாம இருக்க வேண்டாம். நான் போய்ச் சேர்ற வரைக்கும் பொறுத்தா போதும்."

"அதை ரவைகிட்ட சொல்லி அனுப்பு."

கேட்லாக்கில் குறித்து வைத்திருந்த இருபத்தெட்டாம் நம்பரைக் கேட்டேன். கொண்டுவந்து கையில் வைத்தான். ஒரு குடையின் கனம்தான் இருக்கும். தோளில் வைத்ததும் அது அங்கேயே பிறந்தது போல ஒட்டிக்கொண்டது. இவ்வளவு சாதுவான பொருளால் எதற்கும் பெரிய தீங்கு வராது என்று நினைத்தேன். "இதுதான்" என்றேன்.

"உன் மச்சான் எத்தனை கெஜத்துல சுடுவார்?"

"அறுபது, எழுபது."

"அத்தனை தூரத்துல இதால சுட்டா சாகாது. சரி. ஆனா விழவும் விழாது. வயித்துல ரெண்டு ரவையை வாங்கிக்கிட்டு ஓடும். எங்கேயாச்சும் பொதருக்குள்ள படுத்து, ரெண்டு நாள் கழிச்சு சாகும். உனக்கும் கிடையாது, லயத்துக்காரனுக்கும் கிடையாது. உடும்பு திங்கும்."

அவன் வெறுப்பாகச் சொல்லவில்லை, கணக்குப் பாடம் ஒப்பிப்பது போலத்தான் சொன்னான். நான் துப்பாக்கியைக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன். இத்தனை நாள் கேட்லாக்கில் ரவையின் எடை, குழலின் நீளம், போகும் தூரம் எல்லாம் படித்திருந்தேன். மானுக்கு வலிக்கும் என்பதற்கு அதில் ஒரு கட்டம் இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. வாங்காமல் திரும்பிவிட்டேன்.

ஒரு வாரம் அந்தக் கனவு வரவில்லை. அக்கா தினமும் கேட்டாள். கேட்பதை நிறுத்திய நாளில்தான் எனக்குப் பயம் வந்தது. சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போனாள். அன்று சாயங்காலம் மச்சானைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ரெண்டு தடவையும் ஏன் அவ்வளவு தூரத்துலேர்ந்து சுட்டீங்க?"

"கண்ணுல பட்டுச்சு, சுட்டேன். அது என்ன மாப்ளே, நின்னு சலாம் சொல்லிட்டா சுட முடியும்?"

"இன்னும் கிட்டே வந்திருக்குமா?"

அவர் யோசித்தார். "வந்திருக்கும். பழம் பொறுக்கிட்டு நம்ம பக்கம்தான் வந்துச்சு."

அப்போதுதான் புரிந்தது. மானைச் சாகடித்தது பெரிய குழலின் பலம் மட்டுமல்ல. அந்த அறுபது கெஜமும்தான். பெரிய துப்பாக்கி அவரைப் பொறுத்திருக்க விடவில்லை, தூரத்திலிருந்தே சுட இடம் கொடுத்தது. நடுவில் இருந்த முட்காட்டை அவர் கடப்பதற்குள் உயிர் போயிற்று. கிட்டே வந்தால் நிச்சயமாக வீழ்த்துவதும், தூரத்தில் உதவாததும், அவசரக்காரர் கையை அடக்கி வைப்பதுமான ஒன்று வேண்டும். மறுநாள் போய் இருபதாம் நம்பர் ஒற்றைக்குழலை எடுத்தேன். கிராணி கட்டிக் கொடுத்தான்.

மச்சான் அதைத் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். "குருவி சுடவா?"

"இருபது கெஜத்துக்கு மேல சுடக் கூடாது. இதுல ஒரே தோட்டாதான். ரெண்டாவது கிடையாது."

"சுட்டா?"

"அக்காகிட்ட சொல்லிருவேன்."

அவர் துப்பாக்கியை எடுத்துத் துணியில் சுற்றினார்.

வெள்ளிக்கிழமை மாலை பிறைக்குப் படகேறினோம். தோட்டத்துக்குப் பக்கத்தில் மலாய்க் குடியிருப்பான கம்பத்தில் தெரிந்தவர் வீட்டில் படுத்து, கருக்கலில் காட்டோரம் போனோம். காட்டு அத்திமரம் ஒன்றின் கீழே பழங்கள் சிதறிக் கிடந்தன. அதிலிருந்து பதினைந்து எட்டு தள்ளி, காற்று எங்கள் முகத்தில் படும்படி, விழுந்த மரம் ஒன்றுக்குப் பின்னால் உட்கார்ந்தோம். பனி மெதுவாக ரப்பர் மரங்களுக்கு ஊடே போய்க்கொண்டிருந்தது. மரங்கள்தான் நடக்கின்றனவோ என்று தோன்றியது. எங்கோ ஒரு பழம் விழும் சத்தம், பிறகு வெகுநேரம் ஒன்றுமில்லை. நான் தூங்கியிருக்கலாம்.

கண் திறந்தபோது அறுபது கெஜத்தில் கிஜாங் நின்றது. மச்சானின் தோள் துடித்தது. நான் அவர் முழங்கை மேல் கை வைத்தேன். மான் குனிந்து ஒரு பழத்தைத் தின்றது. நடந்தது. நின்று காதைத் திருப்பியது. மறுபடி நடந்தது. அது வந்து சேர எவ்வளவு நேரம் ஆனதென்று எனக்குத் தெரியாது. கடைசியில் அது பழம் மெல்லும் சத்தமே கேட்டது. இமை மயிரில் பனித்துளி இருந்தது. இனி அது வேறெங்கும் போகாது, நாங்களும் போக மாட்டோம், மூன்று பேரும் அந்தப் பனிக்குள் இப்படியே இருப்போம் என்று ஒரு கணம் நிஜமாகவே நினைத்தேன்.

மச்சான் சுட்டார்.

ஓடினேன். ஓட வேண்டியே இருக்கவில்லை, அத்தனை கிட்டே கிடந்தது. விலா ஏறி இறங்கியது. கண் என்னைப் பார்த்தது. இது கனவில் உட்கார்ந்த மான் இல்லை. கால்கள் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தன, வாயில் பழத்தின் சதை ஒட்டியிருந்தது. என் கை நின்றுவிட்டது. தாமதித்தால் இதுவும் லயத்துக்குத்தான் போகும். அதைவிட, தாமதிக்கும் ஒவ்வொரு மூச்சும் அதன் வலி.

"மாப்ளே" என்றார் மச்சான் பின்னாலிருந்து. தணிந்த குரல். நான் அவரை அப்படிப் பேசிக் கேட்டதில்லை.

தொழும் திசையான கிப்லாப் பக்கம் அதன் தலையைத் திருப்பி, பிஸ்மி சொல்லி, அறுத்தேன். ரத்தம் சூடாகப் பாய்ந்தது. முழங்கை வரை சூடு. பிறகு விலா அசையவில்லை.

வெடிச்சத்தம் கேட்டு லயத்து ஆட்கள் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார்கள். அறுத்த கழுத்தைப் பார்த்ததும் பெரியவரின் முகம் வாடியது. "உசுரோட கெடைச்சிருச்சா?" என்றார். மச்சான் அவருக்கு ஒரு தொடையைக் கொடுத்தார். நான் கேட்காமலே கொடுத்தார்.

அன்று மாலை அம்மா மிளகும் கொத்தமல்லியும் அரைத்து வைத்து ஆக்கினாள். அக்கா சுவரில் சாய்ந்து, வயிற்றைக் கொஞ்சம் ஒதுக்கி உட்கார்ந்து, முதல் துண்டைப் பிட்டு வாயில் வைத்தாள். நாங்கள் இருவரும் எதிரே உட்கார்ந்து அவள் மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மச்சானால் பொறுக்க முடியவில்லை. "எப்படி இருக்கு?"

"பேசாதீங்க. சாப்பிடுறேன்ல."

மூன்றாவது பிடிக்குப் பிறகுதான் நிமிர்ந்தாள். என் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

"நீயா அறுத்தே?"

"ஆமா."

"ரொம்பத் துடிச்சுதா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தேன். "கொஞ்ச நேரம்" என்றேன்.

 அவள் இன்னொரு பிடி அள்ளி, மெதுவாக, ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்டாள்.