கறிவேப்பிலையும் சேர்த்திதான்

தொண்ணூறுகளின் நடுவில் என் கணவருக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. கீமோவில் வெள்ளணுக்கள் அடியோடு குறைந்திருந்த நேரம் பார்த்து, நுரையீரலில் பங்கஸ் பிடித்துவிட்டது என்றார்கள். அவருக்குப் பூஞ்சணம் என்று விளங்கப்படுத்தினேன்.

"பாணிலை பிடிக்கிற பூஞ்சணமே? அது என்ரை நெஞ்சுக்கை என்ன செய்யுது?" என்று அந்தக் காய்ச்சலிலும் பகிடி விட்டார். அதற்கு ஏற்றிய மஞ்சள் மருந்தோ, கட்டில் ஆடுமளவுக்கு அவரை நடுங்க வைத்தது. வாரக்கணக்கில் தாங்கினார்.

வீட்டுக்கு விடுமுன் ஒரு படிவம் தந்தார்கள். வீட்டில் பிளான்ற்ஸ், பூக்கள் இருக்கின்றனவா? இல்லை என்று கீறிவிட்டேன்.

அந்த வார்டில், கயானாவில் பிறந்த நேர்ஸ் ஒருவர் இருந்தார். நான் கொண்டுபோகும் சாப்பாடு சூடாக இருக்கிறதா என்று திறந்து பார்ப்பவர் அவர்தான். அன்று சாப்பாட்டை மணந்து பார்த்துவிட்டு, இந்தக் குளிருக்குள் பச்சைக் கறிவேப்பிலை எங்கே கிடைத்தது என்று கேட்டார். பெருமையில் எனக்கு ஒரே புளுகம். வீட்டிலேயே வளர்க்கிறோம், என் கணவருடைய கட்டிலடியில், ஹீற்றருக்குப் பக்கத்தில். கரண்டியால் மண்ணைக் கிளறிவிடுவதும் இவர்தான் என்று அடுக்கினேன்.

நேர்ஸின் முகம் மாறியது. படிவத்தைக் கொண்டுவந்து என் கீறலைக் காட்டினார். அது பிளான்ற் இல்லை, சமையல் சாமான் என்று சண்டைக்குப் போனேன். சாடி மண்ணிலும் இந்தப் பூஞ்சணம் இருக்கும், கிளறினால் மூச்சோடு உள்ளே போகும் என்று சொன்னார். நானே என் கையால் இவரைக் கொல்லப் பார்த்தேனோ என்று அழுதுவிட்டேன்.

அவர் ஏசவில்லை. எங்கிருந்து வந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது, திரும்பிப் போகும் வீட்டில் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான் என்றார். பிழை கேள்வியில்தான் என்று பேனையை எடுத்து, 'சமையலுக்கு வளர்க்கும் இலைகள்' என்று கேள்விக்குக் கீழே எழுதினார். எத்தனையோ பெரிய வைத்தியர்களைக் கண்டேன். எனக்கு அந்த மனுசியின் மூக்குத்தான் பெரிது.

சாடியை ஸ்காபரோவில் ஒரு சிநேகிதியிடம் கொடுத்துவிட்டேன். இவர் வீடு வந்து ஹீற்றரடியைப் பார்த்தார். மண் கிளறிய கரண்டியையும் எறியச் சொன்னார்.

இரண்டு வருடத்தின் பின் பரிசோதனைக்குப் போனபோது, பக்கத்துக் கதிரையில் ஒரு தமிழ்ப் பிள்ளை, தன் தகப்பனுக்காக அதே படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். நேர்ஸ் பேனையால் எழுதிய அந்த வரி இப்போது அச்சில் இருந்தது. அந்த இடத்தில் அவள் எழுதுவதை நிறுத்தி என் பக்கம் திரும்பினாள்.

"அன்ரி, கறிவேப்பிலையும் சேர்த்தியோ?"

நான் வாய் திறக்குமுன் இவர் முந்திவிட்டார்.

"சேர்த்திதான் பிள்ளை. இண்டைக்கே எடுத்து விடுங்கோ."